இந்த ஒயினோடு உங்க வீட்டில் என்ன சாப்பிடுவீங்க?

இத்தாலிய வெள்ளை ஒயின் என்றால் "எல்லாம் ஒரே மாதிரிதான், புளிப்புத் தண்ணி" என்று சொல்பவர்கள் இங்கே இத்தாலியிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஒயினை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய நகரத்தில், ஒரு மண்டபத்தில் நடந்த ருசிப்பு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். பாட்டில்கள் எல்லாம் ஐஸ் வாளிக்குள் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தன. பிளாஸ்டிக் கோப்பை. சாப்பிட என்று வைத்தது பாக்கெட் பிஸ்கட் மட்டும். பத்து மாநிலத்து ஒயினை வரிசையாகக் குடித்துவிட்டு, எது எந்த ஊர் என்றே தெரியாமல் வெளியே வந்தேன். நாக்கு மரத்துப்போயிருந்தது. அதற்கு 40 யூரோ.

இந்த ஆகஸ்டில் நடந்தது வேறு. ஆகஸ்ட் 10 இங்கே சான் லொரென்சோ இரவு, எரிநட்சத்திரம் பார்க்கிற இரவு. அந்த நாளை ஒட்டி 'காலிச்சி தி ஸ்தெல்லே' என்று இத்தாலி முழுக்க ஊர்ச் சதுக்கங்களில் ஒயின் ஊற்றுவார்கள். நான் வேலை பார்ப்பது மார்க்கே மாநிலத்து அங்கோனாவில். யேசி பக்கம் குன்றின் மேல் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு நண்பன் கூட்டிக்கொண்டு போனான். 15 யூரோ கட்டினால் ஒரு கண்ணாடிக் கோப்பை, அதைக் கழுத்தில் தொங்கவிட ஒரு துணிப்பை, ஆறு டோக்கன். ஒரு டோக்கனுக்கு மூன்று மடக்கு வரும், அவ்வளவுதான். பாட்டிகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், மாதா கோயில் படியில் உட்கார்ந்து ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த பையன்கள் என்று ஊரே அங்கே இருந்தது. ஒயின் என்றாலே போதை என்று நினைக்கிற நம் ஆட்கள் அந்தச் சதுக்கத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மனசாரத் தோன்றியது.

ஒயின் ஊற்றும் மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை. நான் இந்தப் பதிவை எழுத முக்கியக் காரணமே அந்த நாலடிதான்.

முதலில் வாங்கியது வெர்திக்கியோ. இந்தப் பக்கத்துத் திராட்சை. பச்சை என்று பொருள்படும் 'வெர்தே' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். பழம் பழுத்தாலும் பச்சைச் சாயல் போகாது. 1950களில் இதை ஜாடி வடிவப் பச்சை பாட்டிலில் அடைத்து உலகம் முழுக்க விற்றார்கள். பாட்டில் பிரபலமானது, கூடவே "மலிவான மீன் ஒயின்" என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அநியாயம். நல்ல வெர்திக்கியோ பத்து வருஷம் பாட்டிலில் தாங்கும். யேசி வட்டாரத்தில் கடல் காற்று வாங்கி வளர்வது ஒரு ருசி. உள்ளே மத்தேலிக்காவில், கடலுக்கு மலை மறைத்த பள்ளத்தாக்கில் வளர்வது இன்னொரு ருசி, புளிப்பு இன்னும் கூர்மை. இரண்டுக்கும் பொதுவானது, விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்கும் லேசான கசப்பு. கசப்பு வாதுமை என்பார்கள்.

தனியாகக் குடிக்கும்போது அந்தக் கசப்பு கொஞ்சம் இடைஞ்சல்தான். அப்புறம் ஸ்தொக்கபிஸ்ஸோ வாங்கினோம். நார்வேயிலிருந்து வரும், உப்புப் போடாமல் காற்றில் காயவைத்த காட் மீன். அதை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, நிறைய ஆலிவ் எண்ணெய் போட்டு, வெர்திக்கியோவையே ஊற்றி மெதுவாக வேகவைக்கிறார்கள். அங்கோனாக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமையல். ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். எண்ணெய்ப் பிசுக்கை அந்தப் புளிப்பு வழித்துக்கொண்டு போனது. கசப்பு போன இடம் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு உவர்ப்பு. இங்கே 'சபிதோ' என்று ஒரு சொல்லை ஒயின்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். அது நம்ம உவர்ப்புதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அறுசுவை எண்ணி வளர்ந்த நாக்குக்கு இந்த ஒயின்கள் அந்நியமே இல்லை.

மிச்ச ஒயினோடு அடுத்த அடுப்புக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், ஒலிவே அல்லா அஸ்கொலானா செய்துகொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். பெரிய பச்சை ஆலிவ், அஸ்கோலி பக்கம் விளைகிற மிருதுவான ரகம். சின்னக் கத்தியால் கொட்டையைச் சுற்றி, ஆரஞ்சுத் தோல் உரிப்பதுபோல, சதை அறுந்துவிடாமல் ஒரே சுருளாகச் சீவி எடுக்கிறார். வதக்கி அரைத்த மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பார்மெசான், ஜாதிக்காய் சேர்ந்த கலவையைச் சின்ன உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் அந்தச் சுருளைச் சுற்றினால் மறுபடி முழு ஆலிவ். மாவு, முட்டை, ரொட்டித்தூள், எண்ணெய். ஒரு ஆலிவுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை அவருக்கு.

காகிதக் கூம்பில் வாங்கிக்கொண்டு கோப்பையைத் தூக்கினேன். "என்ன அது, வெர்திக்கியோவா? கீழே வைங்க. அது யேசிக்காரங்க ஒயின். இதுக்கு பெக்கொரினோதான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சரி என்று ஒரு டோக்கன் கொடுத்து வாங்கினேன். அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. அஸ்கோலிப் பக்கத்து வெள்ளைத் திராட்சையான பெக்கொரினோவுக்குப் புளிப்பும் உண்டு, கனமும் உண்டு. வறுத்த இறைச்சியின் கனத்துக்கு வெர்திக்கியோ ஒரு படி குறைவு, இது சரிசமமாக நின்றது. இரண்டும் ஒரே மாநிலம், நடுவே நூறு கிலோமீட்டர்தான்!

பெக்கொரினோ என்றால் ஆட்டுப்பால் சீஸ்தானே என்று கேட்பீர்கள். பெயரின் வேர் ஒன்றுதான், ஆடு. காய்ப்பு குறைவு, கொத்தும் சின்னது என்பதால், அள்ளிக் கொடுக்கும் திரெப்பியானோ என்ற திராட்சையை நட்டுவிட்டு விவசாயிகள் இதைக் கைவிட்டார்கள். 1980களில் கீதோ கோச்சி கிரிஃபோனி என்ற ஒயின்காரர், மலைமேல் அர்குவாத்தா தெல் த்ரொந்தோவில் மிஞ்சியிருந்த பழைய கொடிகளிலிருந்து குச்சி வெட்டிக் கொண்டுவந்து நட்டார். இன்றைக்கு ஒஃபீதா வட்டாரத்துப் பெக்கொரினோவுக்கு 2011 முதல் நாட்டின் மிக உயர்ந்த தரச்சான்று இருக்கிறது. குச்சி கொடுத்த அர்குவாத்தாவை 2016 நிலநடுக்கம் நொறுக்கிவிட்டது. அதை நினைத்துக்கொண்டு குடிக்கும்போது "புளிப்புத் தண்ணி" என்ற வார்த்தை எனக்கு வலிக்கிறது.

மற்ற மாநிலத்து மேசைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவில் விளையும் கரிகாந்தே, ஊறவைத்த நெத்திலியோடு, அபாரம். சார்தீனியாவின் கல்லூரா பகுதி வெர்மெந்தினோவுக்குச் சீவிய பொத்தார்கா வைத்திருந்தார்கள். மடவை மீனின் சினையை உப்பிட்டுக் காயவைத்தது. அதன் உப்புக்கு அந்த ஒயின் அசராமல் நின்றது. வெனெத்தோ மாநிலத்துச் சோவாவே மேசையில் சாப்பாடு தீர்ந்துபோயிருந்தது. எரிமலை மண்ணில் விளைந்த கர்கானேகா திராட்சை, நல்ல ஒயின் என்று கேள்வி. எனக்கு வெறும் ஒயினாகத்தான் கிடைத்தது, மனசில் நிற்கவில்லை. அந்த ஒயினைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கு அது பாதிதான் கிடைத்தது.

நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து நாலு டிகிரியில் அப்படியே எடுத்து ஊற்றாதீர்கள். பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு வரட்டும், அப்போதுதான் வாசனை எழும்பும். இரண்டாவது, எந்த ஊர் ஒயினோ அந்த ஊர்ச் சாப்பாட்டில் ஒரு வாயாவது பக்கத்தில் வையுங்கள். செலவு கூடும் என்றால் ஒயின் எண்ணிக்கையைக் குறையுங்கள். இருபது வகை வேண்டாம், ஆறு போதும்.

ருசிக்கப் போகிறவர்கள் "இது என்ன வருஷம், எத்தனை பாயின்ட்" என்று கேட்பதை விட்டுவிட்டு "உங்க வீட்டில் இதோடு என்ன சாப்பிடுவீங்க" என்று கேட்டுப் பாருங்கள். காம்பானியா மேசையில் கிரேக்கோ தி துஃபோ ஊற்றிக்கொண்டிருந்த பையனிடம் நான் அதைத்தான் கேட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். அதுவரை கந்தகச் சுரங்கம், மண்வகை என்று மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தவன் ஒரு நிமிஷம் யோசித்தான். "இருங்க" என்று போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். மணி பதினொன்று. ஸ்பீக்கரில் அந்த அம்மா தூக்கக் கலக்கத்தோடு, உப்பில் ஊறிய காட் மீனைக் காய்ந்த சிவப்பு மிளகாய்ப் பழங்களோடு செய்வதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இந்தப் பக்கம் காற்றில் காய்ந்ததாக வாங்கும் அதே மீன், அங்கே உப்பில். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி கைப்பையிலிருந்து பேனா எடுத்து எழுதிக்கொண்டார்.