உப்புக் காற்று பேட்டரிக்குள் புகுவதில்லை

"உப்புக் காற்றில் மின்சார கார் பேட்டரி இரண்டே வருடத்தில் செத்துவிடும், கடற்கரைக்காரனுக்குப் பெட்ரோல்தான்" என்று மேலே எழுதியிருக்கும் அண்ணனுக்கு: இது தவறு. பேட்டரி தூசியும் நீரும் புகாதபடி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதற்கு ஐபி67 என்ற தூசி, நீர்த் தடுப்புத் தரம். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது சோதனை. எட்டு வருட உத்தரவாதமும் பொதுவாக உண்டு.

உப்பு தின்பது இரும்பை. கடற்கரை ஊரான மண்டபத்தில் வெட்டவெளியில் நிற்கும் என் பெட்ரோல் காரின் புகைக்குழாயைத் தொட்டால் துரு செதில் செதிலாக விரலோடு வருகிறது. மின்சார காரில் அந்தக் குழாயே கிடையாது. ஆனால் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் தட்டு அதிகம் தேயாது, அதில் துரு படியும். அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்தி ஓட்ட வேண்டும். தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், எந்த வண்டியானாலும். கடல் நீரில் மட்டும் இறக்கவே கூடாது. பேட்டரிக்குள் உப்பு நீர் புகுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காருக்கும் சார்ஜர் தேவை என்றீர்கள். சாதாரண ஹைபிரிட் (பிளக் செருகி சார்ஜ் செய்யாத வகை) என்றால் பெட்ரோல் போட்டால் போதும். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லாதவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.