ஆடத் தெரிந்தவர்கள் மட்டும்தான் ஆட வேண்டுமா?

பாட்டுக்கு ஓர் அம்மா ஆடியதை யாரோ போனில் எடுத்துப் பரப்பிய அந்த வீடியோவை நான் இங்கே பகிரப்போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. நல்லவர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்த நண்பர்களே சிரிப்பு இமோஜியோடு பகிர்ந்திருக்கிறார்கள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று ஒருவர். "யாராவது கரண்ட்டை நிறுத்துங்கப்பா" என்று இன்னொருவர். அதற்குக் கொட்டும் லைக் வேறு.

அந்த அம்மா என்ன தப்பு செய்தார்? பாட்டு போட்டார்கள், ஆடினார். தாளம் தவறியதாம். தவறட்டுமே! உங்களை யார் நடுவராக உட்கார வைத்தது?

ஆடுவது வேறு, ஆடிக் காட்டுவது வேறு. ஆடிக் காட்டுகிறவரிடம் அடவு சரியில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள், அவர் அதற்குத் துணிந்துதான் மேடையேறுகிறார். தனக்காக ஆடுகிறவரிடம் அதைச் சொல்வது, குளிக்கும்போது பாடுகிறவருக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி.

ஐந்து மாதக் குழந்தைகளிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைகள் வரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. பேச்சைவிட இசைக்கும் தாளத்துக்கும் அவை அதிகமாக உடம்பை ஆட்டின. தாளத்தோடு ஒத்துப்போனபோது இன்னும் அதிகம் சிரித்தன. சரி, தாளம் முக்கியம் என்கிற அந்தப் பாயின்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு யாரும் ஆடக் கற்றுக்கொடுக்கவில்லை. வெட்கப்படவும் கற்றுக்கொடுக்கவில்லை. அதை நாம் அப்புறம்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளி ஆண்டு விழா ஒத்திகையில், "நீ பின்வரிசைக்குப் போ, கையை மட்டும் ஆட்டு" என்றார் ஓர் ஆசிரியை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கே பாட்டு கேட்டாலும் கால் அசைவதற்கு முன்னால் கண் சுற்றிவரும், யார் பார்க்கிறார்கள் என்று. ரொம்ப வருஷம் கழித்து, வேலை போய் வீட்டில் கிடந்த நாட்களில், ஒரு ராத்திரி கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டுக் கண்டபடி ஆடினேன். மேஜையில் இடுப்பை இடித்துக்கொண்டேன். நடுவில் அழுகை வந்தது, நிறுத்தாமல் அழுதுகொண்டே ஆடினேன். வேலை ஒன்றும் திரும்பக் கிடைத்துவிடவில்லை. ஆனால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது கொஞ்சம் நகர்ந்தது, அன்றைக்குத் தூங்கினேன்.

"அதற்கு நடைப்பயிற்சி போதாதா?" என்பீர்கள். போதும், தாராளமாகப் போய்வாருங்கள். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவுமா என்று 218 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2024-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நல்ல பலன் தெரிந்தவற்றில் நடனமும் உண்டு, அதுவும் முன்வரிசையில். நடனம் பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதும் உண்மைதான். மருந்தை நிறுத்திவிட்டு ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்துக்கொண்டு வராதீர்கள்.

"நாலு பேர் நடுவில் ஆடினால் பார்க்கத்தானே செய்வார்கள்?" இதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிற கேள்வி. 2000-ல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சங்கடமான டி-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டு மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். கூச்சப்படுகிற எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லி, "யாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, ஆடு" என்று தள்ளிவிட்டிருக்கிறேன். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? நீங்கள்தான் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்களே!

"சும்மா ஜாலிக்குத்தான்" என்று ஒருவர் இன்பாக்ஸில் சமாதானம் சொன்னார். யாருக்கு ஜாலி? அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எடுத்தீர்களா? அடுத்த முறை பாட்டு கேட்டால் அவர் எழுந்திருப்பாரா? அவரை விடுங்கள், அந்தக் கமெண்டுகளைப் படித்த எத்தனை பெண்கள், எத்தனை கூச்ச சுபாவக்காரர்கள் இனி நாற்காலியைவிட்டு எழாமல் இருக்கப்போகிறார்கள்? அதையெல்லாம் யார் வீடியோ எடுப்பார்கள்?

"அவ்வளவு பேசுகிறாயே, நீ ஆடி ஒரு வீடியோ போடேன்" என்று இந்தப் பதிவுக்குக் கீழே ஒருவர் வருவார். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியும். போட மாட்டேன், சார். உங்களுக்காக நான் ஆடவில்லை என்றுதானே இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருக்கிறேன்.