மரணம் படகோட்டியாகவும் வரலாம்
வீடியோ விளையாட்டுகளில் மரணம் என்ற பாத்திரம் வீழ்த்த வேண்டிய வில்லனாகவோ ஆயுதமேந்திய நாயகனாகவோ மட்டுமே வர முடியும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. 1986இல் வந்த காசில்வேனியா விளையாட்டில் மரணம் டிராகுலாவின் ஏவலாளாக நம்மைத் தாக்குவதும், 2012இன் டார்க்சைடர்ஸ் 2இல் தன் சகோதரன் மீதான பழியைத் துடைக்கப் புறப்படும் நாயகனாவதும் உண்மைதான். ஆனால் 2020இல் வெளியான ஸ்பிரிட்ஃபேரரில் மரணத்தின் படகோட்டி நாமே: இறந்தவர்களைப் படகில் ஏற்றி, அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்து, கட்டியணைத்து, அவர்கள் ஆயத்தமாகும் நாளில் கடைசி வாயில்வரை கொண்டுபோய் விடும் பொறுப்பு நம்முடையது. அங்கே வெல்வதற்கு எவரும் இல்லை. நினைவு தடுமாறி நம்மைத் தன் மகளென்றே எண்ணத் தொடங்கும் மூதாட்டி ஆலிஸை வழியனுப்ப மனம் வராமல் நான் பல நாட்கள் அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. எந்த வில்லனும் என்னை அப்படித் தயங்க வைத்ததில்லை.