தடுப்பு இருக்கிறது, ஆள் எங்கே?

தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கோபம் தப்பான இடத்தில் போய் விழுகிறது. ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கடைத்தெரு ஒன்றை எடுத்து நடைபாதையை அகலப்படுத்தி, மழைநீர் வடிகாலை மாற்றி, மேலே தொங்கும் கம்பிகளையெல்லாம் மண்ணுக்கடியில் கொண்டுபோய், மரம் நட்டு, விளக்கு போட்டு முடிப்பதென்றால் தூசி வரத்தான் செய்யும். சத்தம் வரும், பேருந்து சுற்றிக்கொண்டு போகும், பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இதில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கக் கூடியது வேறொன்று. தடுப்பை வைத்துப் பாதிச் சாலையை அடைத்து, பள்ளத்தையும் வெட்டிவிட்டு, அப்புறம் அங்கே ஈ காக்கை இல்லாமல் கிடக்கிறதே, அந்த நாட்கள். வேலை நடக்கும்போது வரும் நெரிசலை மனுஷன் பொறுத்துக்கொள்வான். பொக்லைன் ஓரமாகத் தூங்க, தடுப்புக்குள் ஒரு குடிநீர் பாட்டில் மட்டும் உருண்டுகொண்டிருக்க, நாம் அதைச் சுற்றி ஊர்ந்து போகிறோம் பாருங்கள், அதுதான் பொறுக்க முடியாதது.

ஏன் ஆள் இல்லை? காண்ட்ராக்டர் சோம்பேறி என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், பல நேரம் அது உண்மையில்லை. தெருவின் மேற்பரப்பு ஒருவருடையது, அடியில் இருப்பது பலருடையது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயு, மின்வடம், தொலைபேசிக் கம்பி, இணையக் கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு வரைபடம், ஒரு அனுமதி. பல வரைபடங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் வரைந்தவை. அவற்றில் குழாய் இருப்பதாகக் காட்டும் இடத்தில் குழாய் இருக்காது, ஒன்றுமே காட்டாத இடத்தில் உயிரோடு இருக்கிற மின்வடம் ஓடும். கழிவுநீரும் மழைநீரும் சரிவில்தான் ஓடும், அதனால் அந்தக் குழாய் போகும் வழியில் ஒரு கேபிள் கட்டு குறுக்கே வந்தால் குழாயைக் கொஞ்சம் தூக்கி வைத்துத் தாண்டிவிட முடியாது. கேபிள்தான் நகர வேண்டும், அதன் சொந்தக்காரர் வந்துதான் நகர்த்த வேண்டும். அவர் வரும் வரைக்கும் பள்ளம் திறந்தே கிடக்கும், தடுப்பும் அப்படியே நிற்கும்.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் கதையைக் கொஞ்சம் படியுங்கள். 2007-ல் அடியில் இருக்கும் குழாய்களையும் கம்பிகளையும் நகர்த்த ஆரம்பித்தார்கள், 2011-ல் டிராம் ஓடும் என்றார்கள். தோண்டத் தோண்ட எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துகொண்டே இருந்தது, அதோடு ஒப்பந்தத் தகராறு வேறு. ஊரின் முக்கியக் கடைத்தெருவான பிரின்சஸ் தெருவை மூடித் தண்டவாளம் போட்டுத் திறந்தார்கள், தண்டவாளத்தை ஒட்டிய சாலைப் பரப்பு பிய்ந்துபோய் 2011-ல் மறுபடியும் தோண்டினார்கள். டிராம் ஓடியது 2014 மே மாதக் கடைசியில், அதுவும் முதலில் திட்டமிட்டதைவிடக் குறைந்த தூரத்துக்கு. என்ன நடந்தது என்று விசாரிக்க 2014-ல் ஒரு விசாரணை அமைத்தார்கள், அதன் அறிக்கை 2023-ல்தான் வந்தது. டிராமைவிட அறிக்கைக்கு அதிகக் காலம்!

சிட்னியின் ஜார்ஜ் தெருவும் இதே வகைதான். தெருவிலேயே ஓடும் இலகு ரயிலுக்காக 2015 அக்டோபரில் வேலை தொடங்கி 2019 டிசம்பரில் முதல் ரயில் ஓடியது. நிலத்தடி மின்வடங்களைப் பற்றித் தங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று கட்டியவர்கள் அரசு மீது வழக்குப் போட்டு, கடைசியில் 57 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துச் சமரசம் ஆனது. இத்தனைக்கும் தோண்டுவதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழிகள் இருக்கின்றன. தரையை ஊடுருவும் ரேடாரை இழுத்துக்கொண்டு போகலாம். சந்தேகமான இடங்களில் சின்னச் சின்னச் சோதனைக் குழிகள் எடுத்துக் கண்ணாலேயே பார்த்து மூடிவிடலாம். மொத்தச் செலவில் இது சிறு தொகை. ஆனால் சோதனைக் குழிக்கு யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள், அதனால் மதிப்பீட்டில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான்.

ஒரு விஷயத்தில் வேலை செய்கிறவர்கள் பக்கமும் நிற்க வேண்டும். ஆள் இல்லாத நாளெல்லாம் வீண் நாள் இல்லை. கான்கிரீட் ஊற்றியதும் அது ஈரத்தோடு இறுக நேரம் வேண்டும், அதன் பலத்தை 28-ஆம் நாளில் சோதிப்பதுதான் வழக்கம். அவ்வளவு நாளும் அடைத்து வைக்க வேண்டியதில்லை என்றாலும், நேற்று ஊற்றியதன்மேல் இன்றைக்கு லாரியை விட முடியாது. பள்ளத்தை மூடும்போதும் மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே தாரைப் பூசினால் அடுத்த மழைக்கு அப்படியே உட்கார்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அடுக்கடுக்காக இறுக்கி வர வேண்டும். அவசரப்படுத்தினால் இந்த அடுக்குகளில்தான் கை வைப்பார்கள். எனவே "சீக்கிரம் முடி" என்று மட்டும் கத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. காத்திருக்கிற நாள் எது, கைவிட்ட நாள் எது என்று நமக்குத் தெரியாமல் போவதுதான் பிரச்சினை. "கான்கிரீட் இறுகுகிறது, இந்தத் தேதியில் திறக்கும்" என்று ஓர் அட்டையில் எழுதித் தடுப்பில் கட்டினால் பாதிக் கோபம் அடங்கிவிடும். அதற்குக்கூடவா டெண்டர் விட வேண்டும்?

சரி, கைவிட்ட நாட்களை என்ன செய்வது? என் பார்வையில் மூலக் காரணம் எளிமையானது. தெருவை அடைத்து வைப்பது அடைப்பவருக்கு இலவசம். இயந்திர வாடகை, கூலி, சிமெண்ட் எல்லாவற்றுக்கும் விலை உண்டு, ஆயிரக்கணக்கானவர்கள் நடக்கிற, ஓட்டுகிற இடத்துக்கு மட்டும் விலை இல்லை. விலை இல்லாத எதையும் மனிதன் தாராளமாகத்தான் செலவழிப்பான். இன்றைக்கு ஆள் கிடைக்கவில்லையா, தடுப்பு இருக்கட்டும். அடுத்த வாரம்தான் குழாய் வரும், இருந்தாலும் இப்போதே வெட்டி வைத்துவிடுவோம். அவர் கணக்கில் இதில் நஷ்டமே கிடையாது.

லண்டனில் 2012-ல் இதற்கு ஒரு மருந்து கொண்டுவந்தார்கள். நெரிசல் மிகுந்த முக்கியச் சாலைகளில் நெரிசலான நேரத்தில் தோண்டினால் நாள் ஒன்றுக்கு 2,500 பவுண்டு வரை வாடகை. இரவிலோ கூட்டமில்லாத நேரத்திலோ செய்தால் அந்த வாடகையைத் தவிர்க்கலாம். பகலில் தோண்டி மாலைக்குள் தகடு போட்டு மூடிப் போக்குவரத்தைத் திறந்துவிடும் வித்தையெல்லாம் வாடகை என்று வந்ததும் பலருக்கு ஞாபகத்துக்கு வந்துவிடும். இரவு வேலையென்றால் மேலே குடியிருப்பவர்களின் தூக்கம் போகும், அது உண்மையான சங்கடம், அதற்கும் எல்லை வகுக்கத்தான் வேண்டும். ஆனாலும் தெருவுக்கு ஒரு விலை என்ற அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 2011 ஜூலையில் ஒரு பாலத்தின் பாதியை இடிக்க, ஊரின் பெரிய நெடுஞ்சாலை ஒன்றை வார இறுதி முழுக்க மூடினார்கள். தாமதமானால் நிமிடக் கணக்கில் அபராதம் என்று ஒப்பந்தம். ஊரே ஸ்தம்பிக்கப் போகிறது என்று ஊடகங்கள் அலறின. ஜனங்கள் பேசாமல் வீட்டில் இருந்துவிட்டார்கள், சாலைகள் காலியாகக் கிடந்தன, வேலையும் சொன்ன நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னதாகவே முடிந்தது.

அப்புறம் அந்த ஜப்பான் ஃபார்வர்டு. ஃபுக்குவோக்காவில் 2016 நவம்பரில் ரயில் நிலையத்துக்கு முன்னால் சாலையே உள்ளே போய், ஏறக்குறைய 30 மீட்டர் அகலத்துக்கு ராட்சதக் குழி விழுந்தது, ஒரே வாரத்தில் சாலையைத் திறந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லாக் குழுக்களிலும் "அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று சுற்றும். கற்றுக்கொள்ள விஷயம் உண்டு, தண்ணீருக்குள்ளேயே இறுகும் சிமெண்ட் கலந்த மண்ணைக் கொட்டினார்கள், குழாய், மின்சாரம், எரிவாயு எல்லாருமே ஒரே நேரத்தில் அங்கே நின்றார்கள். ஆனால் ஃபார்வர்டு செய்கிறவர்கள் மீதியைச் சொல்வதில்லை. அந்தக் குழியே கீழே நடந்த சுரங்க ரயில் வேலையால் விழுந்ததுதான், அந்த ரயில் பாதை 2023 மார்ச்சில்தான் திறந்தது. ஒரு வாரம் என்பது விபத்தின் கணக்கு, திட்டத்தின் கணக்கு இல்லை. விபத்து நடந்தால் மட்டும் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்களே, திட்டம் போடும்போது ஏன் கூடுவதில்லை என்றுதான் நான் கேட்பேன்.

போக்குவரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்குத் திட்டு விழும் என்று தெரியும். தெரு வேலை என்றதும் முதலில் கூக்குரல் போடுவது கார்க்காரர்கள்தான், அதிகாரிகளின் திட்டமும் அவர்களைச் சுற்றித்தான். உண்மையில் வண்டிகள் ஓரளவுக்குத் தாமாகவே வழி பார்த்துக்கொள்கின்றன. சாலையின் இடம் குறைக்கப்பட்ட நிறைய இடங்களை 1998-ல் பிரிட்டனைச் சேர்ந்த போக்குவரத்து ஆய்வாளர்கள் சாலி கெய்ன்ஸ், ஹாஸ்-க்ளாவ், குட்வின் மூவரும் தொகுத்துப் பார்த்தார்கள். பிறகு 11 நாடுகளிலிருந்து 70-க்கு மேற்பட்ட இடங்கள் சேர்ந்தன. வண்டிகளில் ஒரு பகுதி பக்கத்துச் சாலைக்கும் போகவில்லை, எங்கேயும் காணவில்லை, நடு மதிப்பாகச் சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தது. ஜனங்கள் நேரத்தை மாற்றினார்கள், இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடித்தார்கள், பேருந்தில் ஏறினார்கள், சிலர் போகவே இல்லை. எல்லா இடத்திலும் அப்படி ஆகிவிடாது, பக்கத்துச் சந்துகள் நொந்துபோன இடங்களும் உண்டு. ஆனால் உலகம் முடியப்போகிறது என்ற முன்னறிவிப்பு பெரும்பாலும் பொய்த்துத்தான் போகிறது.

வழி பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் நடப்பவர்கள். காருக்கு மாற்றுப்பாதை என்றால் அம்புக்குறி, விளக்கு, போலீஸ் எல்லாம் உண்டு. நடப்பவருக்கு மாற்றுப்பாதை என்பது "எதிர்ப்பக்கம் செல்லவும்" என்ற ஒரு பலகை, அந்த எதிர்ப்பக்கத்திலும் ஜல்லிக் குவியல். சக்கர நாற்காலியில் வருகிறவர் அந்தப் பலகை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய் முந்தைய சந்திப்பில் கடக்க வேண்டும். கண் தெரியாதவர் கோலைத் தட்டிக்கொண்டு வந்தால் தடுப்பு என்பது இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிய பிளாஸ்டிக் நாடா, கோலுக்கு அது தட்டுப்படவே படாது, அடுத்த அடி பள்ளம். தடுப்பின் அடிப்பகுதியில் கோல் தட்டும்படி ஒரு கட்டை, பள்ளத்தின்மேல் கைப்பிடியோடு ஒரு பலகைப் பாலம், இரவில் ஒரு விளக்கு, இவ்வளவுதான் தேவை. யாருக்காக நடைபாதையை அகலப்படுத்துகிறோம் என்று சொல்கிறார்களோ, அவர்களைத்தான் வேலை நடக்கும் காலம் முழுக்க வண்டிகளுக்கு நடுவில் இறக்கிவிடுகிறார்கள்.

அடுத்து கடைக்காரர்கள். தெரு அழகானால் வியாபாரம் பெருகும் என்பார்கள், பெருகலாம். ஆனால் அந்தப் பெருக்கம் வரும்போது இப்போதைய கடைக்காரர் அங்கே இருப்பாரா? ஜார்ஜ் தெரு இன்றைக்கு நடப்பதற்கு நல்ல தெரு, மறுக்கவில்லை. வேலை நடந்த காலத்தில் நொடித்துப்போனதாகச் சொன்ன வியாபாரிகள் கூட்டு வழக்குப் போட்டு மேல் நீதிமன்றங்கள் வரை அலைந்தார்கள் என்பதும் அதே தெருவின் கதைதான். சியோலில் 2003 ஜூலையில் தொடங்கி 2005 அக்டோபருக்குள் மேம்பாலச் சாலையை இடித்து சியோங்கியேசியோன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்கு மீட்டார்கள், உலகமே புகழ்கிறது. அங்கே இருந்த தெரு வியாபாரிகளை ஒரு பழைய விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள், சில ஆண்டுகளில் அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள். புகழ்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். உதவி என்றால் பள்ளம் திறந்திருக்கும் மாதத்திலேயே கையில் கிடைக்க வேண்டும். வாடகை மாதா மாதம்தான் வருகிறது, திறப்பு விழாவுக்காக அது காத்திருப்பதில்லை.

இன்னொரு யோசனையும் எனக்குப் பிடிக்கும். தோண்டுவதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்பது. நியூயார்க்கில் 2009-ல் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வேயை வண்டிகளுக்கு மூடியபோது உடனே கல் பதிக்கவில்லை. கூம்புகளையும் விலை குறைந்த சாய்வு நாற்காலிகளையும் போட்டுவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மறு ஆண்டு அதை நிரந்தரமாக்கினார்கள், முறையான கட்டுமானம் அதற்குப் பிறகுதான். பேருந்து எங்கே திணறும், சரக்கு வண்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் பெயிண்ட் அடித்த கோட்டிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையா, கூம்பை எடுத்துவிடலாம். கருங்கல்லை அப்படி எடுக்க முடியாது.

எல்லாம் முடிந்து கல் பளபளக்கும்போது ஒரு கேபிள்காரர் வந்து குறுக்கே ஒரு கோடு வெட்டி மேலே தாரைப் பூசிவிட்டுப் போவார் பாருங்கள், அதற்கு எனக்கு வார்த்தையே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் புதிதாகப் போட்ட சாலையை அவசரம் தவிர 5 ஆண்டுகளுக்கு வெட்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு விதி இருந்தால் கேபிள்காரர் முதல் தோண்டலின்போதே, பிறகு கேபிளை நுழைத்துக்கொள்ள, தன் வெற்றுக் குழாய்களைப் புதைத்துக்கொள்வார்.

தெருமுனையில் ஒரு பெரிய பலகை வைப்பார்களே, வேலை முடிந்த பிறகு தெரு எப்படி இருக்கும் என்ற கணினிப் படத்தோடு, மரமெல்லாம் முழுசாக வளர்ந்து, பலூன் பிடித்த குழந்தையோடு. அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நான்கு விவரம் எழுதச் சொல்லுங்கள். இந்த வாரம் எந்த வேலை, எந்தத் தேதியில் திறக்கும், இன்றைக்கு ஆள் இல்லையென்றால் ஏன், தாமதமானால் யார் எவ்வளவு கட்டுகிறார்கள். உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பலகையை எங்காவது பார்த்திருந்தால் கமெண்டில் படம் போடுங்கள்.