தாண்டிக்குதிச்சவருக்கு எங்க ஊர் வாழை

பங்குனி உத்திரம் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு, இன்னும் வாட்ஸ்அப் பூரா தீர்த்தக்காவடி வீடியோதான். நவபாஷாணச் சிலையா நிக்கிற பழனி முருகனுக்குக் கோடைச் சூடு தணியணும்னு கொடுமுடி போயி காவிரித் தண்ணிய மோந்துக்கிட்டு வெறுங்கால்ல நடந்து வர்றாங்க பாருங்க, அவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. தண்ணி எங்க இருந்து வருதுன்னு இவ்ளோ பாக்குறோமே, அவரு பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் எங்க இருந்து வருதுன்னு ஒருத்தராவது கேக்குறோமா? அதான் என் ஆதங்கம்.

எனக்கு ஊரு பழனி மலைத்தொடர்ல இருக்குற தாண்டிக்குடி. முருகன் இங்க இருந்துதான் பழனிக்கு ஒரே தாவா தாவுனாரு, தாண்டிக்குதிதான் தாண்டிக்குடி ஆச்சுன்னு எங்க ஊர்ல சின்னப்புள்ளகூட சொல்லும். அவரு தாவிப் போயிட்டாரு, அவருக்குப் பின்னாடியே வாழைத்தாரு போயிட்டு இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

பஞ்சாமிர்தத்துல சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டாங்க. நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கல்கண்டு எல்லாம் சேர்ந்தாலும் பிசையிற பதம் பழத்துலதான் இருக்கு. நம்ம மலைவாழை ஈரம் கம்மி, லேசாப் புளிப்பு, தோல் சுருங்கிக் கருத்தாலும் உள்ள சதை கெட்டியா நிக்கும். அந்தப் பழத்தப் போட்டுப் பிசைஞ்சாத்தான் நாள்பட வச்சாலும் கெடாம இருக்கும். தண்ணிப் பாய்ச்சுன தோட்டத்து வாழையப் போட்டுப் பாருங்க, சீக்கிரமே புளிச்சு நுரைக்கும்.

2019ல பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஊரே கொண்டாடுச்சு, நானும் ஸ்டேட்டஸ் வச்சேன். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே மலைவாழைங்களான விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் அந்தக் குறியீடு வந்துருச்சு, அது எத்தனை பேருக்குத் தெரியும்? எழுபதுகள்ல முடிக்கொத்து நோய் வந்து மலையில தோட்டம் தோட்டமா அழிஞ்சத எங்கப்பா இப்பவும் சொல்லுவாரு, குருத்து விரியாம கொத்தா நின்னு போயிருமாம், அசுவினிப் பூச்சி பரப்புறது. வெட்டி எரிச்சுட்டு நிறைய பேரு காப்பிக்கே போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க காப்பிக்கும் நிழல்மரத்துக்கும் நடுவுல வச்சுக் காப்பாத்துறோம், அதையும் காட்டுமாடு மேஞ்சது போகத்தான்.

போன வருஷம் அடிவாரத்துல ஒரு கடையில டப்பா வாங்குனேன். தொறந்தா எசன்ஸ் வாசம், சர்க்கரைப் பாகுல பேரீச்சை மெதக்குது. "பழம் எந்த ஊருண்ணே?"ன்னு கேட்டேன். "பழம்னா பழந்தாண்ணே, ஊரு என்னத்துக்கு"ன்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, வாங்குறவன் கேட்டிருந்தா அவரு பதில் வச்சிருப்பாருல்ல.

நம்ம தோட்டத்துல ரெண்டு தாரு வெட்டி வச்சிருக்கேன், நல்லாப் பழுத்துருச்சு. வெள்ளிக்கிழமை எடுத்துக்கிட்டுப் போறேன், ரோப் காரெல்லாம் வேண்டாம், 693 படியும் நடைதான். கூட வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க, தாரு கனம், ஒரு கை குறையுது.