அதிகாரப்பூர்வத் தளம் என்பது மட்டும் போதாது
ஒரு மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்கினால் வேண்டாத நிரல்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வராது என்று, மென்பொருள் நிறுவுவது பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க இயலவில்லை. ஆரக்கிள் நிறுவனம் தன் சொந்தத் தளத்தில் வழங்கிய விண்டோஸுக்கான ஜாவா மென்பொருளுடனேயே, உலாவியில் ஒட்டிக்கொள்ளும் 'ஆஸ்க்' தேடல் கருவிப்பட்டை பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. அதற்கான பெட்டியில் முன்கூட்டியே டிக் போடப்பட்டிருக்கும், பாதுகாப்புக்காகச் செய்யும் புதுப்பித்தலின்போதும் அது தலைகாட்டும் என்பதுதான் வேடிக்கை. திறமூல மென்பொருள்களுக்குப் பெயர்பெற்ற சோர்ஸ்ஃபோர்ஜ் தளமும் 2015-இல் படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை, அதை உருவாக்கியவர்களின் ஒப்புதல் இல்லாமலேயே, விளம்பர நிரல்களோடு சேர்த்து வழங்கிக் கண்டனத்துக்கு உள்ளானது. ஆகவே எந்தத் தளமானாலும் எவற்றை நிறுவுவது என்று நாமே முடிவுசெய்யும் 'கஸ்டம்' நிறுவலைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு திரையையும் படித்த பிறகே 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். மறுப்பதற்கான பொத்தானைச் செயலற்றது போல வெளிர்சாம்பல் நிறத்தில் காட்டுவதும் ஒரு தந்திரமே. இத்தகைய நிரலைக் கண்ட்ரோல் பேனலில் நீக்கிவிட்டால் போதும் என்று அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் குறிப்பிட்டிருக்கிறார். இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்றோடு வந்த தேடல் நிரலை நான் அவ்வாறுதான் நீக்கினேன். ஆயினும் உலாவியைத் திறந்தபோதெல்லாம் அதே தேடல் பக்கமே வந்து நின்றது. உலாவியின் குறுக்குவழியில் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து பார்த்தபோது, 'டார்கெட்' பெட்டியில் கோப்பின் பெயருக்குப் பின்னால் அந்தப் பக்கத்தின் முகவரி சேர்க்கப்பட்டிருந்தது. அதை அழித்ததோடு, குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் அந்நிரல் விட்டுச்சென்றிருந்த பணியையும் நீக்கிய பின்னரே தொல்லை ஒழிந்தது.