உறுதி மாற்றினால் மட்டும் வீடு தப்பாது

இலங்கையில் ஓய்வுபெற்றவர் வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு நன்கொடை உறுதி (பத்திரம்) எழுதிவிட்டால் கடன் கொடுத்தவர் தொட முடியாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. கடன் ஏறிய பிறகு எழுதினால், தங்களை ஏய்க்கத்தான் எழுதியது என்று கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டு அந்த உறுதியை ரத்துச் செய்விக்கலாம். வங்கிக்கு ஏற்கனவே ஈடு வைத்த வீடென்றால் கதையே வேறு. பெரிய கடனென்றால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி (பேப்பரில் 'பராட்டே' என்று வருகிறதே, அதுதான்) வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டை ஏலம் போடலாம்.

யாழ்ப்பாணத்தில் நான் பார்த்தவரை சொந்தக் கடனைவிட, மகனின் கடைக்கும் மருமகனின் வான் லீசிங்குக்கும் பிணைக்கு வைத்த கையெழுத்துத்தான் வில்லங்கம். ஓய்வுபெற்ற வாத்தியார் என்றால் சொந்தக்காரர் எல்லாரும் பிணைக்குக் கேட்பார்கள். அரச ஓய்வூதியத்தைக் கடன் வழக்கில் பறிமுதல் செய்ய முடியாது, சரி. வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லையே!

மனைவியின் சீதன வீடென்றால் கொஞ்சம் ஆறுதல். தேசவழமைக்காரருக்கான (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கான) 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அது மனைவியின் தனிச்சொத்து. அந்த வீட்டின் திருத்தம், பராமரிப்புக்கு வாங்கிய கடன் தவிர, கணவனின் கடனுக்குப் பொறுப்பாகாது. ஆனால் ஈட்டு உறுதியில் (அடமானப் பத்திரத்தில்) மனைவியும் கையெழுத்து வைத்திருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது.